பழுதான பண்ணைக் கருவிகள்: பற்றவைக்கும் நிலையைக் கவனியுங்கள்

சம்பா நடவுக்குச் சேறு கலக்கும் நேரம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்காலில் நாற்றும் தயாராக இருந்தது. வாடகைக்கு வந்த டிராக்டரின் கேஜ் வீல், அதாவது சேற்று உழவுக்குப் பூட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம், வரப்பில் மோதியதில் அதன் குறுக்குப் பட்டை ஒன்று வளையத்திலிருந்து விட்டுப்போயிற்று. ஜெனரேட்டருடன் ஊர் ஊராகச் செல்லும் வெல்டர் ஒருவர் வயலுக்கே வரவழைக்கப்பட்டார். பட்டை விட்டுப்போன இடம் சக்கரத்தின் அடிப்பக்கம் இருந்தது. அவர் குனிந்து, தலையைச் சாய்த்து, ராடை மேல்நோக்கிப் பிடித்து ஒட்டிவிட்டுப் போனார். பிற்பகலில் அதே பட்டை அதே இடத்தில் மறுபடியும் விட்டுவிட்டது.

விவசாயி ராடைக் குறை சொன்னார். டிரைவர் வெல்டரைக் குறை சொன்னார். மறுநாள் காலையில் வந்த மற்றொரு வெல்டர் வயதில் மூத்தவர். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "தம்பி, வண்டியை ஓர் ஆறடி முன்னால் எடுங்க" என்று டிரைவரிடம் சொன்னார். சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றியது. அடியில் இருந்த முறிவு மேலே வந்தது. பழைய ஒட்டை அரைத்து எடுத்துவிட்டு, ராடைக் கீழ்நோக்கிப் பிடித்துப் புதிதாகப் பற்றவைத்தார். அந்தப் பருவம் முடியும் வரை அந்தப் பட்டை அசையவில்லை.

இரண்டு வெல்டர்களும் ஒரே வகை ராடைத்தான் பயன்படுத்தினார்கள். பட்டையும் அதே பட்டைதான். வேறுபட்டது பற்றவைத்த நிலை ஒன்றே. அவசர காலத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் விவசாயிகள் ராடின் விலையையும் கூலியையும் விசாரிக்கிறார்கள். எந்த நிலையில் பற்றவைக்கப் போகிறார் என்பதை விசாரிப்பவர் அரிது. ஒட்டு நிற்பதும் நிற்காததும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது.

நிலை என்றால் என்ன?

மின்சார வெல்டிங்கில் ராடின் முனைக்கும் இரும்புக்கும் இடையே மின்வில் எரிகிறது. அந்த வெப்பத்தில் ராடின் முனையும், இணைக்க வேண்டிய இரும்பின் விளிம்புகளும் உருகிச் சிறு குழம்பாகின்றன. இக்குழம்பு இறுகியதும் இரண்டு துண்டுகளும் ஒன்றாகின்றன. குழம்பு நீர்மமாக இருக்கும் அந்தச் சில நொடிகளில் பூமியின் ஈர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. கீழே இழுக்கும் திசையும், ஒட்டு சேர வேண்டிய திசையும் ஒன்றாக இருந்தால் வேலை எளிது. மாறாக இருந்தால் கடினம். இதை வைத்தே நான்கு நிலைகள் பிரிக்கப்பட்டுள்ளன.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வெல்டர் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, படுத்திருக்கிறாரா என்பது நிலை அல்ல. ஒட்டு போட வேண்டிய இணைப்பு எப்படி இருக்கிறது என்பதே நிலை.

1. தட்டை நிலை: பட்டறைகளில் இதைப் பிளாட் அல்லது டவுன்ஹேண்ட் என்பார்கள். இணைப்பு வானத்தைப் பார்த்திருக்கும். ராடு மேலிருந்து கீழ்நோக்கி வரும். உருகிய குழம்பு பள்ளத்தில் தானாகவே தங்கி நிரம்பும். மற்ற நிலைகளைவிடத் தடித்த ராடும் கூடுதல் கரண்டும் வைக்கலாம். விளிம்புகள் நன்கு உருகிச் சேரும். வேலையும் விரைவில் முடியும்.

2. கிடைமட்ட நிலை: இது ஹாரிசாண்டல் எனப்படும். நிமிர்ந்து நிற்கும் இரும்பில் ஒட்டு இடமிருந்து வலமாகக் கிடையாக ஓடும். குழம்பு கீழ் விளிம்பில் வழிந்து தொங்கப் பார்க்கும். மேல் விளிம்பில் இரும்பு உருகிப் போய், அவ்விடம் நிரம்பாமல் ஓரத்தில் பள்ளம் விழும். அந்த ஓரப் பள்ளத்திலிருந்துதான் பின்னர் வெடிப்பு கிளம்பும். ஒரே தடித்த ஒட்டாகப் போடாமல் மெல்லிய ஒட்டுகளாகக் கீழிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது இதற்குத் தீர்வாகும்.

3. செங்குத்து நிலை: இது வெர்டிகல். ஒட்டு மேலும் கீழுமாக ஓடும். கீழிருந்து மேலே ஏற்றுவது ஒரு முறை. மேலிருந்து கீழே இறக்குவது மற்றொரு முறை. மேலே ஏற்றும்போது, இறுகிய ஒட்டே ஒரு சிறு திண்ணை போல நின்று அடுத்த குழம்பைத் தாங்கும். வெப்பம் ஆழமாக இறங்கும். கீழே இறக்கும்போது வேலை விரைவாக முடியும். பார்வைக்கும் வழவழப்பாக இருக்கும். ஆனால் ஆழம் போதாது. மெல்லிய தகடுகளுக்கு இறக்கும் முறை பொருந்தும். பண்ணைக் கருவிகளின் சட்டம் போன்ற 5, 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடிப்புள்ள இரும்புக்கு ஏற்றும் முறையையே கடைப்பிடிக்க வேண்டும்.

4. தலைக்கு மேல் நிலை: இது ஓவர்ஹெட். இணைப்பு பூமியைப் பார்த்திருக்கும். ராடு கீழிருந்து மேல்நோக்கிப் போகும். குழம்பு சிறிதாக இருந்தால் அதன் பரப்பு இழுவிசையும் மின்வில்லின் தள்ளும் விசையும் அதை மேலே பிடித்து வைக்கும். குழம்பு பெரிதானால் சொட்டிவிடும். சொட்டாமல் இருக்க வேண்டுமென்று கரண்டை அளவுக்கு மீறிக் குறைத்தால் இரும்பு உருகாது. ராடு மட்டும் உருகி மேலே ஒட்டிக்கொள்ளும். பார்வைக்கு ஒட்டு இருக்கும், பிடிப்பு இருக்காது. கேஜ் வீல் பட்டை அரை நாளில் விட்டுப்போனதற்குக் காரணம் இதுவே.

மூலை ஒட்டுக்கு ஓர் உபாயம்

பண்ணைக் கருவிகளில் அதிகம் காணப்படுவது மூலை ஒட்டு. ஒரு பட்டையின்மேல் மற்றொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டும் சேரும் மூலையில் பற்றவைப்பது இது. கருவியைத் தரையில் சாதாரணமாக வைத்தால் இந்த மூலை கிடைமட்ட நிலையில் இருக்கும். குழம்பு அடிப்பட்டையில் அதிகமாகவும் நிற்கும் பட்டையில் குறைவாகவும் பிடிக்கும்.

இரண்டு மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்துக் கருவியை 45 பாகை சாய்த்துவிட்டால், அதே மூலை ஒரு சிறு தொட்டி போல மேலே பார்க்கும். கிடைமட்ட நிலை தட்டை நிலையாக மாறிவிடும். குழம்பு இரு பக்கமும் சமமாகப் பிடிக்கும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஐந்து நிமிட வேலைதான்.

ஒரே குழாயில் எல்லா நிலையும்

கிணற்று மோட்டாரிலிருந்து தண்ணீர் கொண்டுசெல்லும் இரும்புக் குழாயை எடுத்துக்கொள்வோம். படுக்கையாகப் பொருத்தப்பட்ட குழாயைச் சுற்றிலும் ஒட்டு போட வேண்டும். உச்சியில் அது தட்டை நிலை. இரு பக்கங்களிலும் செங்குத்து நிலை. அடியில் தலைக்கு மேல் நிலை. ஒரே சுற்றில் வெல்டர் மூன்று நிலைகளைக் கடக்க வேண்டும். குழாயின் அடிப்பக்கம் தரையை ஒட்டி இருந்தால் ராடு போகவும் இடமில்லை, கண்ணுக்கும் தெரியாது. அடியில் சரியாக உருகாத இடமே பின்னர் கசிகிறது.

இணைக்க வேண்டிய குழாய்களைப் பொருத்துவதற்கு முன்பே, 'வி' வடிவில் வெட்டிய இரண்டு கட்டைகளின்மேல் கிடத்தி, ஒருவர் மெதுவாக உருட்ட, வெல்டர் உச்சியிலேயே பற்றவைத்துக்கொண்டு வந்தால் முழுச் சுற்றும் தட்டை நிலையிலேயே முடிந்துவிடும். கிணற்றடியில் கடைசி ஓர் இணைப்பை மட்டும் நிலைத்த குழாயில் செய்தால் போதும். அதற்குத் தரையில் ஒரு முழம் ஆழம் குழி தோண்டிக் கொடுத்தால் வெல்டர் அடிப்பக்கத்தையும் பார்த்துச் செய்வார். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயாக இருந்தால் ஒட்டு போடும் இடத்தில் பூச்சை முன்னதாகவே அரைத்து நீக்கிவிட வேண்டும். அதன் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும்.

பெரிய ஆலைகளில் குழாய் வெல்டர்களைச் சோதிக்கும்போது, குழாயை 45 பாகை சாய்வில் அசையாமல் நிறுத்தி வைத்துப் பற்றவைக்கச் சொல்வார்கள். இது 6ஜி சோதனை எனப்படும். இதில் தேறியவர் மற்ற நிலைகளிலும் பற்றவைக்கத் தகுதியுள்ளவராகக் கொள்ளப்படுகிறார். தட்டை நிலையில் மட்டும் தேறியவருக்குத் தலைக்கு மேல் நிலையில் பற்றவைக்கும் தகுதி அளிக்கப்படுவதில்லை. கொதிகலன்கள் செய்யும் திருச்சி பெல் நிறுவனத்தில் 1975-ல் தொடங்கப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய பயிற்சிகளை அளித்து வருகிறது. ஆலைகளில் இவ்வளவு கண்டிப்பு இருக்கும்போது, ஆளையும் பாரத்தையும் ஏற்றிச் செல்லும் டிரெய்லருக்கு நாம் எந்த விசாரணையும் செய்வதில்லை.

ராடு டப்பாவைப் படியுங்கள்

எந்த ராடு எந்த நிலைக்கு ஏற்றது என்பதை அதன் எண்ணே சொல்லும். டப்பாவின்மேல் ஈ 6013, ஈ 7018 என்று அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வலிமையைக் குறிக்கும். 60 என்றால் ஒட்டு சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 60,000 பவுண்டு இழுவிசையைத் தாங்க வேண்டும் என்று பொருள். மூன்றாவது இலக்கம் நிலையைக் குறிக்கும். 1 என்றிருந்தால் எல்லா நிலைகளுக்கும் பயன்படுத்தலாம். 2 என்றிருந்தால் தட்டை நிலைக்கும் கிடைமட்ட மூலை ஒட்டுக்கும் மட்டுமே ஏற்றது. ஈ 7024 இத்தகையது. இதைத் தலைக்கு மேல் நிலையில் பயன்படுத்தக்கூடாது.

கிராமப் பட்டறைகளில் மிகுதியாகப் புழங்குவது ஈ 6013. பொதுவான பழுதுகளுக்கு இது போதும். அதிக இழுப்பும் அதிர்ச்சியும் தாங்க வேண்டிய இடங்களுக்கு ஈ 7018 நல்லது. ஆனால் இந்த ராடு ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய ராடால் போட்ட ஒட்டில் நுண்துளைகளும் வெடிப்பும் உண்டாகும். எனவே டப்பாவைத் திறந்த பின் தயாரிப்பாளர் குறித்துள்ள வெப்பத்தில் உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும். மழைக் காலத்தில் இதில் கூடுதல் கவனம் தேவை.

ராடின் தடிப்பும் நிலைக்கு ஏற்ப மாற வேண்டும். தட்டை நிலையில் 4 மி.மீ. ராடு, அதாவது 8-ம் நம்பர் வரை போகலாம். செங்குத்து, தலைக்கு மேல் நிலைகளில் 3.15 மி.மீ. எனப்படும் 10-ம் நம்பர் ராடோ, 2.5 மி.மீ. எனப்படும் 12-ம் நம்பர் ராடோ நலம். 10-ம் நம்பர் ராடுக்குப் பொதுவாக 90 முதல் 130 ஆம்பியர் வரை கரண்ட் தேவை. தட்டை நிலையில் வைக்கும் கரண்டைவிட 10 முதல் 15 சதவீதம் குறைத்து மற்ற இரு நிலைகளிலும் வைக்கலாம். ராடின் முனையை இரும்புக்கு மிக நெருக்கமாகப் பிடிப்பதும் அவசியம்.

எந்தக் கருவிக்கு எப்படி?

கேஜ் வீல்: சக்கரம் சுற்றக்கூடியது என்பதை மறக்கக்கூடாது. முறிந்த இடம் மேலே வரும்படி வண்டியை நகர்த்தியோ, ஜாக்கியில் தூக்கிச் சுற்றியோ வைத்துப் பற்றவைக்கலாம். பல இடங்களில் விட்டுப்போயிருந்தால் கழற்றித் தரையில் கிடத்திச் செய்வதே சிறந்தது.

கொத்துக் கலப்பை: சட்டத்தின் அடியில் வெடிப்பு கண்டால் டிராக்டரில் தொங்கவிட்டபடியே ஒட்டச் சொல்லக்கூடாது. மூன்று பின்களையும் கழற்றிக் கலப்பையை இறக்கி, செயின் பிளாக்கின் உதவியால் கவிழ்த்து வைக்க வேண்டும். மூன்று பின்களைக் கழற்றிப் பூட்ட ஆகும் நேரம் அரைமணி. உழவின் நடுவில் சட்டம் முறிந்தால் ஒரு நாள் போகும்.

டிரெய்லர்: இதில் மிகவும் ஆபத்தானது டிராக்டரோடு இணைக்கும் இழுவைக் கொக்கி. கரும்பு ஏற்றிச் செல்லும்போது இந்த ஒட்டு விட்டுப்போனால் டிரெய்லர் தனியே ஓடும். சாலையில் வருபவர்கள், பாரத்தின்மேல் அமர்ந்திருப்பவர்கள் உயிருக்கே ஆபத்து. போல்ட் போட்ட கொக்கியாக இருந்தால் கழற்றிப் பட்டறை மேசையில் வைத்துத் தட்டை நிலையில் பற்றவைக்க வேண்டும். அதிகம் தேய்ந்திருந்தால் புதியதே போட்டுவிட வேண்டும். சட்டத்தோடு ஒட்டிய கொக்கியாக இருந்தால், தலைக்கு மேல் நிலையில் பழக்கமுள்ள வெல்டரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். டிரெய்லரின் பாரத்தை முழுவதும் இறக்கிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

திருப்ப முடியாதபோது

சில இடங்களைத் திருப்பவே முடியாது. தண்ணீர்த் தொட்டியின் தாங்குகால், கொட்டகையின் இரும்புக் கூரை, கிணற்றின்மேல் போட்ட தூலம் ஆகியவை அத்தகையவை. அங்கே கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. தலைக்கு மேல் நிலையைச் செங்குத்து நிலையாக மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். தூலத்தின் அடியில் பட்டை வைத்து ஒட்டுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் வைத்து ஒட்டலாம்.

2. வெல்டருக்கு உறுதியான சாரம் கட்டிக் கொடுக்க வேண்டும். ஏணியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு போடும் ஒட்டில் கை நடுங்கும். மின்வில்லின் நீளம் மாறிக்கொண்டே இருக்கும்.

3. ஒரே தடித்த ஒட்டாகப் போடாமல் மெல்லிய ஒட்டுகளாகப் பல முறை போட வேண்டும். ஒவ்வொரு முறையும் கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்த பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டும்.

4. கீழே வைக்கோல், டீசல், சாக்கு எதுவும் இருக்கக்கூடாது. பொறி விழுந்து சற்று நேரம் கழித்தும் தீப்பிடிக்கும். ஒரு வாளித் தண்ணீரும் மணலும் அருகில் இருக்கட்டும். ஆனால் மின்சார இயந்திரத்தின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது.

பற்றவைக்கும் முன்னும் பின்னும்

பழைய ஒட்டின்மேலேயே புதிய ஒட்டைப் போடுவது பயன் தராது. விட்டுப்போன ஒட்டை முழுவதும் அரைத்து எடுத்து, துரு, பெயிண்ட், மண், கிரீஸ் ஆகியவற்றை நீக்கி, வெடிப்பு இருந்த இடத்தை 'வி' வடிவப் பள்ளமாக்க வேண்டும். வெடிப்பு மேலும் ஓடாமலிருக்க அதன் நுனியில் ஒரு சிறு துளை போடுவது நல்லது.

டிராக்டரில் பூட்டியபடி பற்றவைக்க நேர்ந்தால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். எர்த் கிளாம்பை ஒட்டு போடும் இடத்துக்கு மிக அருகில் மாட்ட வேண்டும். தொலைவில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியே பாய்ந்து அதைக் கெடுத்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் அடியில் படுக்கக்கூடாது. கட்டை முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். தலைக்கு மேல் நிலையில் உருகிய இரும்பு வெல்டரின்மேல் சொட்டும். தோல் கையுறை, தோல் மேலங்கி, தொப்பி, மூடிய காலணி இல்லாமல் இவ்வேலையைச் செய்யக்கூடாது. சேற்று வயலில் வெறுங்காலோடு நின்று பற்றவைப்பது மின்சாரத்தால் உயிரைப் பறிக்கும். வேடிக்கை பார்க்கும் சிறுவர்களை அப்புறப்படுத்த வேண்டும். மின்வில்லைச் சற்று நேரம் வெறும் கண்ணால் பார்த்தாலும், அன்றிரவே கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தி நீர் வடியும்.

வேலை முடிந்ததும் கசடைத் தட்டச் சொல்லி, விவசாயியே ஒட்டைப் பார்க்க வேண்டும். அலைவரிகள் சீராக இருக்கின்றனவா? ஓரத்தில் பள்ளம் உண்டா? துளைகள் உண்டா? கீழ்ப்பக்கம் உருண்டையாகத் தொங்குகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த இடத்தை அரைத்து மறுபடி போடச் சொல்லலாம். கூலி கொடுத்த பின் சொல்வதைவிடக் கொடுப்பதற்கு முன் சொல்வது நலம்.

இணைக்கும் இரும்பு எது என்பதையும் வெல்டரிடம் சொல்லிவிட வேண்டும். சட்டிக் கலப்பையின் சட்டி, வார்ப்பிரும்புப் பம்பு ஆகியவற்றைச் சாதாரண ராடால் ஒட்டினால், எந்த நிலையில் செய்தாலும் ஒட்டின் ஓரத்தில் வெடித்துவிடும். அவற்றுக்குத் தனி ராடும் தனி முறையும் உண்டு.

பருவம் தொடங்கும் முன்பே செய்யலாம்

முறிந்த பின் வயலில் வைத்து ஒட்டும்போதுதான் நிலையைத் தேர்ந்தெடுக்க இடமில்லாமல் போகிறது. நாற்று காத்திருக்கும், வாடகை ஏறும், எப்படியாவது ஒட்டினால் போதும் என்றாகிவிடும். ஆகவே சித்திரை, வைகாசி மாதங்களில் கருவிகள் சும்மா இருக்கும்போதே ஒருமுறை கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்து மண்ணைச் சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்தால் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியும். கருவி ஏற்கெனவே கவிழ்ந்திருப்பதால் அங்கேயே தட்டை நிலையில் பற்றவைத்துவிடலாம்.

வெல்டரை அழைக்கும் விவசாயி கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றே: "அண்ணே, இதைத் திருப்பி வைத்து ஒட்ட வழி இருக்கிறதா?" திறமையான வெல்டர் எவரும் இக்கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். கருவியைத் திருப்ப இரண்டு ஆட்கள் வேண்டும் என்றுதான் சொல்வார். அந்த இரண்டு ஆட்களை அன்று கொடுத்துவிட்டால் நடவு நாளில் டிராக்டர் வயலில் நிற்காது.